பிரெக்ஸிட் வாக்கெடுப்பு பிரிட்டன் கட்சிகளை என்ன செய்தது, அடுத்த தேர்தலில் என்ன செய்யும்?

தொகுதிக்கணக்கு (2025 நவம்பர்)

போன மாதம் வேல்ஸில் கேர்ஃபிலி இடைத்தேர்தல் முடிவு வந்ததிலிருந்தே இந்த இழையைத் தொடங்க நினைத்திருந்தேன். நூறு வருஷத்துக்கும் மேலாக லேபர் (தொழிற்கட்சி) கையில் இருந்த நிலக்கரிப் பகுதி அது. இந்த முறை லேபர் வாங்கியது 11 சதவீதம். வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி ஜெயித்தது, பிரெக்ஸிட்டுக்காகப் போராடிய நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி இரண்டாவதாக வந்தது. ஆளுங்கட்சி இடைத்தேர்தலில் அடி வாங்குவது எங்கும் நடப்பதுதான். ஆனால் அங்கே முட்டி மோதிய இரண்டு கட்சிகளுமே நாட்டை மாறி மாறி ஆண்ட கட்சிகள் அல்ல. லேபரும் இல்லை, டோரி எனப்படும் கன்சர்வேடிவ் கட்சியும் இல்லை.

இதற்கெல்லாம் தொடக்கம் 2016 ஜூன் 23 என்பது என் வாதம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறலாம் என்றவர்கள் 51.9 சதவீதம், இருந்துவிடலாம் என்றவர்கள் 48.1. இழுபறி முடிவு என்பதைவிட முக்கியமான விஷயம், பிளவு எங்கே விழுந்தது என்பது. முந்தைய வருஷம் டோரிக்குப் போட்டவர்களில் பத்துக்கு ஆறு பேர் 'வெளியேறு'. லேபருக்குப் போட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் 'வெளியேறு'. லேபர் நிலைமைதான் மோசம். அதன் வாக்காளர்களில் பெரும்பாலோர் 'இரு' பக்கம், அதன் தொகுதிகளில் பெரும்பாலானவை 'வெளியேறு' பக்கம். நகரத்து லேபர் ஓட்டெல்லாம் சில தொகுதிகளில் குவிந்து கிடந்ததால் வந்த வினை. லண்டன் லாம்பெத்தில் 79 சதவீதம் 'இரு' என்று குவித்தாலும் அந்தக் குவியல் ஒரு எம்.பி.யைக்கூடக் கூடுதலாகத் தராது.

2019 டிசம்பர் பொதுத்தேர்தலில் அதற்கு விலை கொடுத்தார்கள். டெனிஸ் ஸ்கின்னர் 1970 முதல் வைத்திருந்த போல்சோவர் போனது. டோனி பிளேரின் பழைய தொகுதி செட்ஜ்ஃபீல்டும் போனது. டோரிக்கு 365 தொகுதி, லேபருக்கு 202. வாக்கெடுப்பு நடக்காமல் இருந்திருந்தால் போல்சோவரில் டோரி ஜெயித்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

சண்டர்லாந்து சங்கர்

சார், கணக்கு சரிதான். தொடக்கப் புள்ளியில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நான் பல வருஷமாக வேலை பார்க்கும் ஊரை வைத்தே சொல்கிறேன்.

சண்டர்லாந்து, நாட்டிலேயே முதலில் எண்ணி முடிக்கப் போட்டி போடும் ஊர். இளைஞர்கள் ஓட்டுப்பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அன்று நள்ளிரவு தாண்டியதும் 61 சதவீதம் 'வெளியேறு' என்று அறிவித்தார்கள், பவுண்டு மதிப்பு உடனே சரிந்தது. உலகத்துக்கு அது அதிர்ச்சி. ஊருக்குள் இருந்தவர்களுக்கு அவ்வளவு அதிர்ச்சி இல்லை. கடைசிக் கப்பல் கட்டும் தளம் மூடியது 1988-ல். வேர்மத் சுரங்கம் மூடியது 1993-ல். சுரங்கம் இருந்த இடத்தில் இப்போது கால்பந்து மைதானம் நிற்கிறது.

இந்த மாதிரி ஊர்களில் லேபர் ஓட்டு கரைய ஆரம்பித்தது பிளேர் காலத்திலேயே. 1997-ல் 71 சதவீதமாக இருந்த தேசிய வாக்குப்பதிவு 2001-ல் 59-க்கு இறங்கியது. 1997-க்கும் 2005-க்கும் இடையே லேபர் இழந்த ஓட்டு சுமார் 40 லட்சம். அவர்கள் டோரிக்குப் போகவில்லை, வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். 2014 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஃபராஜின் அன்றைய கட்சியான யூகிப் முதலிடம். அடுத்த வருஷம் பொதுத்தேர்தலில் அதே யூகிப் 38 லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கி ஒரே ஒரு தொகுதி பிடித்தது. இதெல்லாம் வாக்கெடுப்புக்கு முன்னால் நடந்தவை. அன்றைய டோரிப் பிரதமர் கேமரன் வாக்கெடுப்பு நடத்தியதே யூகிப் பயத்தில்தான்.

எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் அந்தச் சமயத்தில் ஒரு பழைய சுரங்கத் தொழிலாளி சிகிச்சையில் இருந்தார். ஓட்டுப் போட்டே ரொம்ப காலம் ஆச்சு, இதற்காகத்தான் போனேன் என்றார். ஏன் என்று கேட்டேன். பொதுத்தேர்தலில் இந்த ஊரில் எப்படியும் லேபர்தான் ஜெயிக்கும், என் ஓட்டால் ஒன்றும் ஆகப்போவதில்லை, இதில் மட்டும்தான் என் ஓட்டும் லண்டன்காரன் ஓட்டும் சமம் என்றார். அவரை மாற்றியது வாக்கெடுப்பு அல்ல. அவர் ஏற்கெனவே கட்சியை விட்டுப் போயிருந்தார். வாக்கெடுப்பு அவரைக் கணக்கில் கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

கிளாஸ்கோ மணி

சங்கர், உங்கள் நோயாளி சொன்னதையே நான் எதிர்ப் பக்கத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன். தன் ஓட்டுக்கு எடை உண்டு என்று ஒருமுறை கண்டுகொண்ட மனிதர் பழைய கட்சிக்குத் திரும்பிப் போவதில்லை. ஸ்காட்லாந்தில் நாங்கள் அதை 2016-க்கு முன்னாலேயே பார்த்துவிட்டோம்.

2014 செப்டம்பர் 18, ஸ்காட்லாந்து விடுதலை வாக்கெடுப்பு. வேண்டாம் 55.3, வேண்டும் 44.7. வாக்குப்பதிவு 84.6 சதவீதம், 16 வயதுப் பிள்ளைகளுக்கும் ஓட்டு. விடுதலைக் கேள்வி தோற்றது. பிரச்சினை முடிந்தது என்று லண்டனில் எல்லோரும் மூட்டை கட்டினார்கள். எட்டே மாதத்தில் பொதுத்தேர்தல். தோற்ற தரப்பின் கட்சியான எஸ்.என்.பி. (ஸ்காட்லாந்து தேசியக் கட்சி) அங்குள்ள 59 தொகுதிகளில் 56-ஐ அள்ளியது. 41 வைத்திருந்த லேபருக்கு மிஞ்சியது ஒன்று. பெய்ஸ்லியில் லேபரின் தேர்தல் பொறுப்பாளர் டக்ளஸ் அலெக்ஸாண்டரைத் தோற்கடித்தவர் மெய்ரி பிளாக், 20 வயது, பல்கலைக்கழகப் படிப்பையே இன்னும் முடிக்காதவர்.

லேபர் ஏன் இப்படி மண்ணைக் கவ்வியது? வாக்கெடுப்பில் டோரியோடு ஒரே மேடையில் நின்று 'வேண்டாம்' என்று பிரசாரம் செய்ததால். கிளாஸ்கோவில் 53.5 சதவீதம் 'வேண்டும்' என்றார்கள். டண்டீயில் 57. இரண்டும் பரம்பரை லேபர் ஊர்கள். எங்கள் கட்டடத்தில் ஒரு வயதான பெண்மணி, வாழ்நாள் முழுக்க லேபர், வாக்கெடுப்பு இரவில் டோரிக்காரர்களோடு சேர்ந்து லேபர்காரர்கள் கட்டிப்பிடித்துக் கொண்டாடுவதை டிவியில் பார்த்துவிட்டு, அதோடு முடிந்தது என்றார். கப்பல்தளம் மூடியபோது விடாத கட்சியை அந்த ஒரு காட்சிக்காக விட்டார். இதைப் பொருளாதார வரலாறு மட்டும் விளக்காது.

சூத்திரம் இதுதான். தோற்ற 45 சதவீதமும் ஒரே கட்சிக்குப் போனது, வென்ற 55 சதவீதம் மூன்று கட்சிகளுக்குச் சிதறியது. முதலில் வருபவருக்கே தொகுதி என்கிற முறையில் ஒன்றாக நிற்கும் 45, சிதறிய 55-ஐத் துடைத்து எறிந்துவிடும். நம் ஊர்த் தேர்தல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தொகுதிக்கணக்கு

மணி சொன்னதை அப்படியே 2019-க்கு வைத்துப் பாருங்கள். இரண்டாவது வாக்கெடுப்பு வேண்டும் என்ற கட்சிகள் மொத்தமாக வாங்கியது பாதிக்கு மேல். டோரியும் பிரெக்ஸிட் கட்சியும் (இன்றைய ரிஃபார்மின் பழைய பெயர்) சேர்ந்தே 46-ஐ எட்டவில்லை. ஆனால் ஒரு பக்கம் லேபர், லிபரல் டெமாக்ராட், பசுமைக் கட்சி, எஸ்.என்.பி., பிளைட் என்று ஓட்டு பிரிந்தது. இன்னொரு பக்கம் டோரி வைத்திருந்த 317 தொகுதிகளில் ஃபராஜ் தன் வேட்பாளர்களை நிறுத்தவே இல்லை. 43.6 சதவீதத்தில் டோரிப் பிரதமர் ஜான்சனுக்கு 80 தொகுதிப் பெரும்பான்மை.

வன்னிமகள்

எல்லாரும் தொகுதியையும் சதவீதத்தையும் கதைக்கிறியள். ஆரிட்டக் கேள்வி கேட்டவை எண்டதை ஒருத்தரும் கதைக்கேல்லை.

2016இல எங்கட வீட்டுக்கு வாக்காளர் அட்டை வந்தது. நான் அப்ப இலங்கைப் பாஸ்போட்டோட இருந்தனான். பொதுநலவாய நாட்டுக்காரர் எண்டபடியா எனக்கு வோட்டு இருந்தது. என்ர மாமா குடும்பம் தொண்ணூறுகளில ஹொலண்டுக்கு அகதியாப் போய், அங்க குடியுரிமை எடுத்து, பிறகு இங்கிலாந்தில லெஸ்ரருக்கு வந்தவை. அவருக்கு வோட்டு இல்லை. எனக்கு முன்னமே வந்தவர், கடை வச்சு வரி கட்டினவர். உள்ளூராட்சித் தேர்தலுக்கும் ஐரோப்பியத் தேர்தலுக்கும் வோட்டுப் போட்டவர். தன்ர இருப்பைப் பற்றின கேள்வியில மட்டும் அவரைக் கேக்கேல்லை. என்ர அட்டையை மேசையில பாத்திட்டு ஒண்டும் சொல்லேல்லை. அவர்ர மகள்தான், அக்கா எங்களுக்காகவும் சேர்த்துப் போடுங்கோ எண்டு சொன்னவள்.

அதே நேரம் எங்கட சனத்திலயே கனபேர் வெளியேறச் சொல்லிப் போட்டவை. ஐரோப்பாக்காரர் வாறதை நிப்பாட்டினா உங்கட நாட்டிலயிருந்து சமையல்காரரைக் கூப்பிடலாம் எண்டு ஆசியச் சாப்பாட்டுக் கடைக்காரருக்குப் பிரசாரத்தில சொல்லிச்சினம். பிரீத்தி பட்டேலே முன்னுக்கு நிண்டு சொன்னவ. கடைக்காரர் நம்பிச்சினம். ஸ்லவும் லூட்டனும் ஆசியச் சனம் கனக்க இருக்கிற ஊருகள், ரெண்டும் வெளியேறுற பக்கம்தான் போச்சுது. அப்ப 'வெளியேறு' எண்டா வடக்கத்தை வெள்ளைத் தொழிலாளி, 'இரு' எண்டா நகரத்துப் படிச்ச ஆக்கள் எண்டு பிரிச்சுப் போடாதேங்கோ.

சண்டர்லாந்து சங்கர்

வன்னிமகள் சொன்னது முக்கியமான விஷயம். அந்த மாமாவைப் போலச் சுமார் 30 லட்சம் ஐரோப்பியக் குடிமக்கள் அன்று இங்கே இருந்தார்கள். அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ்காரர்களைத் தவிர யாருக்கும் ஓட்டு இல்லை.

மணிக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தில் வாக்கெடுப்பு எல்லாவற்றையும் தலைகீழாக்கியது என்றால், 2011 ஸ்காட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் எஸ்.என்.பி. 129-ல் 69 இடம் பிடித்துத் தனிப் பெரும்பான்மை வாங்கியது எப்படி? அந்தப் பெரும்பான்மை இல்லாமல் வாக்கெடுப்பே வந்திருக்காது. அங்கேயும் லேபரின் வேர் முன்னாலேயே அழுகிவிட்டது.

இன்னொன்று. 2024 பொதுத்தேர்தலில் ஸ்காட்லாந்தில் என்ன நடந்தது? லேபர் 37, எஸ்.என்.பி. 9. வாக்கெடுப்புப் பிளவு அவ்வளவு நிரந்தரம் என்றால் பத்து வருஷத்தில் எப்படி இப்படிச் சரியும்? எடின்பரோவில் எஸ்.என்.பி. ஆட்சி, அதன் நிதி விவகாரம், அதன் தலைவி ஸ்டர்ஜன் விலகல், ஆஸ்பத்திரிக் காத்திருப்புப் பட்டியல். சாதாரண ஆட்சி எதிர்ப்பு அலைதான்.

தெற்கிலும் அதே கதை. 2022 செப்டம்பரில் லிஸ் டிரஸ் அரசின் மினி பட்ஜெட் வந்ததும் வீட்டுக்கடன் வட்டி எகிறியது. எங்கள் ஆஸ்பத்திரியில் நிலையான வட்டிக் காலம் முடியப்போகும் தேதியை ஒவ்வொருவரும் பயத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2024-ல் டோரியை 121-க்கு இறக்கியது அந்தத் தேதிகள்தான். பிரெக்ஸிட் பற்றி அந்தத் தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளும் வாயே திறக்கவில்லை.

தொகுதிக்கணக்கு

பேசவில்லை என்பது சரி. ஆனால் டோரி விட்ட ஓட்டு எங்கெங்கே போய் விழுந்தது என்று பாருங்கள். ரிஃபார்ம் ஜெயித்த ஐந்து தொகுதிகள்: கிளாக்டன், பாஸ்டன் அண்ட் ஸ்கெக்னஸ், கிரேட் யார்மத், ஆஷ்ஃபீல்ட், சவுத் பேஸில்டன் அண்ட் ஈஸ்ட் தரக். ஐந்துமே 2016-ல் 'வெளியேறு' ஓட்டு குவிந்த இடங்கள். பாஸ்டனில் 75.6 சதவீதம், நாட்டிலேயே அதிகம். லிபரல் டெமாக்ராட் ஜெயித்த 72-ல் விம்பிள்டன், கில்ஃபர்ட், வின்செஸ்டர், டன்பிரிட்ஜ் வெல்ஸ் எல்லாம் டோரியின் பணக்காரத் தெற்கு, 'இரு' பக்கம். டோரியின் 2019 கூட்டணி வெறுமனே சுருங்கவில்லை. 2016-ல் போட்ட கோட்டின் மேலேயே கிழிந்தது. வட்டி விகிதம்தான் காரணம் என்றால் கிளாக்டனும் விம்பிள்டனும் ஒரே திசையில் போயிருக்க வேண்டும்.

ராகவி_சட்டம்

இந்த இழையைப் படித்துக்கொண்டே வருகிறேன். நான் சென்னையில் சட்டம் படிக்கிறேன், அரசியல் சட்டம் பிடித்த பாடம். சங்கர் அண்ணா, தொகுதிக்கணக்கு அண்ணா இருவருக்கும் ஒரு கேள்வி. 1975-லேயே பிரிட்டன் இதே விஷயத்தில் வாக்கெடுப்பு நடத்தியது. 67 சதவீதம் 'இருப்போம்' என்றார்கள். அவ்வளவு தெளிவான முடிவு. அப்படியும் லேபர் ஆறு வருஷத்தில் உடைந்தது, ராய் ஜென்கின்ஸ் உள்ளிட்ட நால்வர் 1981-ல் தனிக்கட்சி கண்டார்கள். அப்படியானால் முடிவு இழுபறியா தெளிவா என்பது முக்கியமே இல்லையா?

தொகுதிக்கணக்கு

நல்ல கேள்விம்மா. 1975-க்கும் 2016-க்கும் வித்தியாசம், முடிவுக்குப் பிறகு செய்ய வேண்டியது என்ன என்பதில் இருக்கிறது. 1975-ல் 'இருப்போம்' என்ற முடிவுக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, இருந்தபடியே இருந்தால் போதும். 2016 முடிவோ எதை விட்டு வெளியேறுவது என்று மட்டும் சொன்னது, எங்கே போய்ச் சேர்வது என்று சொல்லவில்லை. ஒற்றைச் சந்தையில் இருக்கலாமா, சுங்க ஒன்றியம் வேண்டுமா, வட அயர்லாந்து எல்லையில் சோதனை வைப்பதா என்று ஒவ்வொன்றும் நாடாளுமன்றத்தில் தனித்தனிச் சண்டையானது. ஜான்சனுக்கு முந்தைய பிரதமர் தெரசா மே கொண்டுவந்த வெளியேறும் ஒப்பந்தம் மூன்று முறை தோற்றது. 2019 செப்டம்பரில் ஜான்சன் தன் கட்சியின் 21 எம்.பி.க்களை ஒரே இரவில் வெளியே தள்ளினார். முன்னாள் நிதியமைச்சர்கள் கென் கிளார்க்கும் ஃபிலிப் ஹாமண்டும் அதில் அடக்கம். அந்தத் தலைமுறை டோரியே போய்விட்டது. அதன் பிறகு அந்தக் கட்சிக்கு வேறு குணம்.

சண்டர்லாந்து சங்கர்

ராகவி, நான் 1975-ஐ வேறு மாதிரி படிக்கிறேன். 1981-ல் உடைந்து வந்தவர்கள் லிபரல்களோடு கூட்டணி வைத்து 1983-ல் 25 சதவீதம் வாங்கினார்கள். கிடைத்தது 23 தொகுதி. லேபர் 27 சதவீதத்துக்கு 209. பிளவு இருந்தது, கோபம் இருந்தது, புதுக் கட்சியும் இருந்தது. தேர்தல் முறை எல்லாவற்றையும் அமுக்கியது. 2019-லும் லேபரிலிருந்தும் டோரியிலிருந்தும் வெளியேறிய எம்.பி.க்கள் சேர்ந்து சேஞ்ச் யூ.கே. தொடங்கினார்கள். டிசம்பர் தேர்தலில் ஒருவர்கூடத் தேறவில்லை. பிரிட்டனில் கட்சிகளை நிர்ணயிப்பது வாக்கெடுப்பு அல்ல, தேர்தல் முறைதான்.

2017-ஐ யாரும் தொடவே இல்லை. வாக்கெடுப்பு முடிந்த மறு வருஷம், கோபம் உச்சத்தில் இருந்த நேரம். டோரியும் லேபரும் சேர்ந்து 82 சதவீதம் வாங்கின! இரு கட்சி முறை செத்ததாகச் சொல்கிறீர்கள், அப்போது அது எழுந்து உட்கார்ந்ததே.

கிளாஸ்கோ மணி

82 சதவீதம் உண்மை. உள்ளே எட்டிப் பாருங்கள். 1923 முதல் லேபர் கையில் இருந்த சுரங்க ஊர் மேன்ஸ்ஃபீல்ட் அந்த 2017-ல்தான் டோரிக்குப் போனது. நூறு வருஷ டோரித் தொகுதி கேன்டர்பரி லேபருக்கு வந்தது. லண்டனின் பணக்காரக் கென்சிங்டனை லேபர் 20 ஓட்டில் பிடித்தது. மொத்தம் பழைய மாதிரி தெரிந்தது, ஆட்கள் இடம் மாறிக்கொண்டிருந்தார்கள்.

எஸ்.என்.பி. 9-க்கு விழுந்ததற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். விழுந்தது கட்சி. விடுதலை வேண்டும் என்பவர்கள் இன்றும் பாதிக்கு அருகில்தான் கருத்துக்கணிப்புகளில் நிற்கிறார்கள். 2014-ல் 16 வயதில் முதல் ஓட்டுப் போட்ட பிள்ளைகளுக்கு இப்போது 27 வயது. அவர்களை லேபர், டோரி என்று கேட்டால் யோசிப்பார்கள். 'வேண்டும்', 'வேண்டாம்' என்று கேட்டால் உடனே சொல்வார்கள். இன்னொரு கட்சி வந்து அந்த 45-ஐச் சேர்த்துப் பிடித்தால் மறுபடி 2015 வரும்.

வன்னிமகள்

சங்கர் அண்ணை தேர்தல் முறைதான் எல்லாம் எண்டு சொல்லுறார். அதில எனக்கு ஒரு உடன்பாடு இருக்கு. எங்கட நாட்டு அனுபவம் அதுதான்.

இலங்கையில 1982 டிசம்பர் 22, சர்வசன வாக்கெடுப்பு. விளக்குக்குப் போட்டா நாடாளுமன்றத்தின்ர ஆயுள் இன்னும் ஆறு வருசம். குடத்துக்குப் போட்டா தேர்தல். 77இல பழைய தொகுதி முறையில ஜே.ஆர். ஜெயவர்த்தனவின்ர ஐ.தே.க. (ஐக்கிய தேசியக் கட்சி) ஆறில ஐஞ்சு பங்கு ஆசனம் எடுத்திருந்தது. தங்கட 78ஆம் ஆண்டு யாப்பின்படி அடுத்த தேர்தல் விகிதாசாரத்தில நடந்திருக்க வேணும், நடந்திருந்தா அந்தப் பலம் போயிருக்கும். அதாலதான் தேர்தலுக்குப் பதிலா வாக்கெடுப்பு வச்சவை. 54.7 வீதத்தில விளக்கு வெண்டது. யாழ்ப்பாணத்தில பத்தில ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டவை, ஆனா நாடு முழுக்க ஒரே கணக்கு எண்டபடியா அது எடுபடேல்லை. அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் 89இலதான் வந்தது. அதுக்கிடையில 83 ஜூலை இனக்கலவரம் நடந்து முடிஞ்சுது.

கேமரன் ஜே.ஆர். இல்லை, அது எனக்குத் தெரியும். ரெண்டையும் ஒரே தட்டில வைக்கேல்லை. ஆனா ரெண்டு இடத்திலயும் ஆளுற கட்சி தன்ர பிரச்சினையைத் தீர்க்கச் சனத்திட்டக் கேள்வி கேட்டது. ஒரு கட்சி தன்ர தேவைக்குக் கேக்கிற கேள்வியால நாட்டுக்குத் தீர்வு வராது. நான் இதைக் கோபத்தோடதான் எழுதுறன்.

ராகவி_சட்டம்

வன்னிமகள் அக்கா, இது எங்கள் பாடத்தில் இல்லை. எழுதியதற்கு நன்றி.

அப்படியானால் அடுத்த பொதுத்தேர்தல்? 2029-க்குள் வர வேண்டும். 2016 இன்னும் வேலை செய்யுமா?

சண்டர்லாந்து சங்கர்

எங்கள் ஊரையே மறுபடி சொல்கிறேன். 2019-ல் செட்ஜ்ஃபீல்டே விழுந்தபோதும் சண்டர்லாந்தின் மூன்று தொகுதிகளும் லேபரிடமே நின்றன. டோரிக்குப் போகாத ஓட்டைப் பிரெக்ஸிட் கட்சி பிரித்தது. அந்த ஓட்டு இன்று மொத்தமாக ரிஃபார்மிடம் வந்துவிட்டது. 2024-ல் ரிஃபார்ம் இரண்டாவதாக வந்த 98 தொகுதிகளில் 89 லேபர் ஜெயித்தவை. 2025 மே மாதம் பக்கத்து டர்ஹம் கவுன்சிலில் 98-ல் 65 இடம் ரிஃபார்முக்கு. சுரங்கத் தொழிலாளர் சங்கம் கொடி பிடித்து வருஷா வருஷம் ஊர்வலம் போகும் டர்ஹம். லேபருக்கு 4. அதே நாளில் ரன்கார்ன் இடைத்தேர்தலில் 6 ஓட்டு வித்தியாசத்தில் ரிஃபார்ம் ஜெயித்தது.

காரணம் பிரெக்ஸிட் நிறைவேறாதது அல்ல, நிறைவேறியும் ஒன்றும் மாறாதது. குடியேற்றம் குறையும் என்றார்கள். வெளியேறிய பிறகு ஒரே வருஷத்தில் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியது. போலந்துக்காரர் குறைந்தார்கள், இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் வந்தவர்கள் கூடினார்கள். முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலைக்கு ஆள் வேண்டுமே! அந்தக் கோபத்தின் முன்னால் நிற்பது என்னைப் போன்றவர்கள். 2024 ஆகஸ்டில் கலவரக்காரர்கள் இந்த ஊரில் தீ வைத்த அன்று எங்கள் பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள் இருவர் டியூட்டிக்கு வரும் வழியில் தாக்கப்பட்டார்கள். நான் இந்த விவாதத்தைத் தூரத்திலிருந்து பேசவில்லை.

அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். 2016 தான் காரணம் என்று நம்பினால், எல்லோரும் பழைய வாக்கெடுப்பைத் திரும்பப் பேசிக்கொண்டே இருப்பார்கள். டர்ஹம் கிராமத்தில் பஸ் எப்போது வரும் என்று யாரும் பேச மாட்டார்கள்.

தொகுதிக்கணக்கு

சங்கர், அந்தச் செய்தியை நான் இங்கிருந்து படித்தேன். நீங்கள் பத்திரமாக இருங்கள்.

பஸ் வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனாலும் கணக்கில் ஒன்றை மறக்காதீர்கள். 2024-ல் லேபர் தலைவர் ஸ்டார்மர் 97 லட்சம் ஓட்டில் 411 தொகுதி ஜெயித்தார். அவருக்கு முன் தலைவராக இருந்து 2019-ல் படுதோல்வி அடைந்த கார்பின் வாங்கியது ஒரு கோடிக்கு மேல். எதிர்ப் பக்கம் டோரி, ரிஃபார்ம் என்று உடைந்ததால் கிடைத்த 411. அந்த இரண்டில் ஒன்று மற்றதை விழுங்கிவிட்டால் கணக்கு புரளும். 1983-ல் 25 சதவீதம் வாங்கிய கூட்டணியைத் தேர்தல் முறை அமுக்கியது என்றீர்கள், உண்மை. அதே முறை 30 சதவீதத்தைத் தாண்டியவரைத் தூக்கி அரியணையில் உட்கார வைக்கும். லேபரே 34 சதவீதத்துக்குக் குறைவாக வாங்கித்தானே மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் தொகுதி பிடித்தது.

ரிஃபார்ம் அந்த எல்லையில் நிற்கிறது. கேர்ஃபிலியில் அதைத் தடுத்தது லேபர் அல்ல, யார் ஜெயிக்க முடியுமோ அவருக்கே போடுவோம் என்று பிளைட்டுக்கு மாறிய லேபர் வாக்காளர்கள். 2019-ல் சிதறிய 'இரு' பக்கம் அந்த ஒரு தொகுதியில் ஒன்றுகூடியது. அடுத்த தேர்தலில் தொகுதிக்குத் தொகுதி அதைச் செய்தால் ஒரு முடிவு, செய்யாவிட்டால் வேறு முடிவு.

கிளாஸ்கோ மணி

தொகுதிக்குத் தொகுதி வாக்காளர் கணக்குப் போட்டுப் போட வேண்டியிருப்பதே கேவலம். விகிதாசார முறை கொண்டுவர வேண்டும், ஒரே வழி அதுதான். 2026 மே மாத வேல்ஸ் சட்டமன்றத் தேர்தல் முழு விகிதாசாரத்தில்தான். அங்கே யாரும் மற்றவரைத் தடுக்க ஓட்டுப் போட வேண்டாம், பிடித்த கட்சிக்கே போடலாம். வெஸ்ட்மின்ஸ்டருக்கு, அதாவது பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கு, இதைச் செய்யும் பெரும்பான்மை இன்று லேபரிடம் இருக்கிறது. செய்யாமல் விட்டால் அடுத்து ரிஃபார்ம் அதே முறையில் வந்து உட்காரும்போது அழுது பயனில்லை.

சண்டர்லாந்து சங்கர்

செய்ய மாட்டார்கள் மணி. 411 கொடுத்த முறையை யார் கலைப்பார்? கலைக்க வாக்கெடுப்பு வைப்போம் என்று யாராவது கிளம்பினால் 2011 ஞாபகம் இருக்கட்டும். விருப்ப வரிசை முறைக்கு வைத்த வாக்கெடுப்பில் 68 சதவீதம் 'வேண்டாம்'. பாதிப் பேர்கூட ஓட்டுப் போட வரவில்லை.

வன்னிமகள்

நீங்கள் முறையைக் கதையுங்கோ, நான் திரும்பவும் ஆரைக் கேக்கிறது எண்டதையே கேக்கிறன். 16 வயசுக்கு வோட்டு எண்டு 2025இல அறிவிச்சிருக்கினம், அது நல்லது. ஸ்கொட்லாண்டிலயும் வேல்ஸிலயும் சட்டப்படி வசிக்கிற எல்லா நாட்டுக்காரருக்கும் அவையின்ர நாடாளுமன்றத் தேர்தல்ல வோட்டு இருக்கு. என்ர மாமா கிளாஸ்கோவில இருந்திருந்தா மணி அண்ணையோட வரிசையில நிண்டு போட்டிருப்பார். லெஸ்ரரில இருக்கிறபடியா பொதுத்தேர்தலுக்கு இண்டைக்கும் இல்லை.

வட அயர்லாந்தில அயர்லாந்தோட சேருறதா எண்டு ஒரு வாக்கெடுப்பு 1998 சமாதான உடன்படிக்கையான பெரிய வெள்ளி ஒப்பந்தத்திலயே எழுதிக் கிடக்கு. 2016இல அங்க 55.8 வீதம் 'இரு' எண்டு போட்டும் வெளியேற வேண்டி வந்தது, அந்தக் கதை திரும்ப எழும்பும். பெல்ஃபாஸ்ற் ஆஸ்பத்திரியில வேலை செய்யிற கேரள நேர்ஸுக்கு அதில வோட்டு இருக்குமா, அங்க கனகாலம் இருக்கிற போலந்துக்காரருக்கு இருக்குமா? கட்சிகள் எப்பிடி உடையும் எண்டு பிறகு பாப்பம். வாக்காளர் பட்டியலை ஆர் எழுதப்போகினம், எப்ப எழுதப்போகினம்? ராகவி தங்கச்சி, நீர் சட்டம் படிக்கிறீர். முதல் அதைத் தேடிப் பாத்து இங்க எழுதும்.